பூனைக் கண்ணைச் சாலையில் பதித்த பெர்சி ஷா: சைக்கிள் ரிஃப்ளெக்டர் எப்படி உயிர் காக்கிறது?

மார்கழி மாதம், ராத்திரி எட்டு மணி. கள்ளக்குறிச்சி மாவட்டம் களமருதூர் பக்கம் ஒரு கிராமத்துச் சாலையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கரும்பு. தெருவிளக்கு ஊர் எல்லையோடு முடிந்துவிட்டது. லேசாகப் பனி இறங்குகிறது. கடையைச் சாத்திவிட்டு ஒருவர் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறார். கறுப்பு நிற ஸ்வெட்டர். சைக்கிளில் டைனமோ இல்லை. பின்னாலிருந்த சிவப்பு ரிஃப்ளெக்டர் எப்போதோ உடைந்துபோய், ஸ்க்ரூ மட்டும் மிச்சம்.

பின்னால் ஒரு வேன் வருகிறது. ஓட்டுபவர் குடிக்கவில்லை, தூங்கவில்லை, வேகமும் 60 கிலோமீட்டர்தான். ஆனாலும் முன்னால் ஒரு சைக்கிள் போவது அவருக்குத் தெரியாது.

இதே சாலையில் ஒரு மாடு நின்று திரும்பிப் பார்த்திருந்தால், தூரத்திலேயே இரண்டு பச்சைப் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்திருக்கும். மாட்டுக்குக் கிடைத்த அந்த வசதி மனிதனுக்கு ஏன் இல்லை? அதைக் கண்ணாடியிலும் ரப்பரிலும் செய்து சாலையில் பதிக்கலாம் என்று முதலில் வெற்றிகரமாகச் செய்துகாட்டியவர் யார்? அவருடைய கதைதான் இது. பெயர், பெர்சி ஷா.

மில் தொழிலாளி வீட்டுப் பையன்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாலிஃபேக்ஸ் என்று ஒரு ஊர். மலைச்சரிவுகளில் அமைந்த, கம்பளித் துணி மில்கள் நிறைந்த ஊர். மில் புகையும் மலைப் பனியும் சேர்ந்தால் எதிரே வருபவர் முகம் தெரியாது. அங்கே 1890 ஏப்ரல் 15 அன்று பெர்சி ஷா பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஷா, சாயப்பட்டறைக் கூலித் தொழிலாளி. வீடு நிறையப் பிள்ளைகள். வருமானமோ கைக்கும் வாய்க்குமே சரியாக இருந்தது.

பெர்சிக்கு இரண்டு வயதாக இருக்கும்போது குடும்பம் பூத்டவுன் மேன்ஷன் என்ற பழைய வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. பெயரில் மாளிகை இருந்தாலும் வாழ்க்கை என்னவோ தொழிலாளி வாழ்க்கைதான். ஆனால் அந்த வீட்டை அவர் கடைசிவரை விடவில்லை. பணம் கொட்டிய காலத்திலும் அங்கேயே இருந்தார், அங்கேயே இறந்தார்.

பள்ளிப் படிப்பு 13 வயதோடு நின்றது. துணி மில்லில் நூல் கண்டுகளைச் சுமக்கும் வேலை. வேலை முடிந்ததும் இரவுப் பள்ளிக்குப் போய்ச் சுருக்கெழுத்தும் கணக்கு எழுதுவதும் கற்றார். கணக்கர் வேலைக்கும் போனார், சம்பளம் கட்டுப்படியாகவில்லை. பிறகு கம்பி இழுக்கும் பட்டறை, பாய்லர் வேலை, இயந்திர வேலை என்று கை வைக்காத தொழில் இல்லை. நம்ம ஊர் லேத் பட்டறைகளில் எதைக் கொடுத்தாலும் பிரித்து மாட்டிவிடும் ஒரு மாஸ்டர் இருப்பாரே, கிட்டத்தட்ட அப்படி ஒரு ஆள்.

முதல் உலகப் போர்க் காலத்தில் அப்பாவும் மகனும் சேர்ந்து சின்ன இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில் நடத்தினார்கள். 1929இல் அப்பா காலமானார். அதன்பின் பெர்சி ஷா வீட்டு முற்றங்களுக்கும் தோட்டப் பாதைகளுக்கும் தார் போட்டுத் தரும் ஒப்பந்த வேலையில் இறங்கினார். சின்னப் பாதைகளில் பெரிய ரோடு ரோலர் நுழையாது என்பதால், கார் இன்ஜினை வைத்துத் தானே ஒரு குட்டி ரோலர் செய்துகொண்டார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் கல்லூரி போன விஞ்ஞானி இல்லை. ரோடு போடுபவர். ரோட்டை ராத்திரியில் பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருந்தது.

அந்த ராத்திரி நடந்தது என்ன?

1933ஆம் ஆண்டு வாக்கில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை எல்லோருக்கும் பிடித்தது. பனிமூட்டமான ஒரு இரவு. பக்கத்து ஊரிலிருந்து குவீன்ஸ்பரி வழியாக ஹாலிஃபேக்ஸுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருக்கிறார் ஷா. ஒரு பக்கம் செங்குத்தான சரிவு. திடீரென முன்னால் இரண்டு ஒளிப்புள்ளிகள். வேலி மேல் உட்கார்ந்திருந்த ஒரு பூனையின் கண்கள். சட்டென வண்டியைத் திருப்பினார், உயிர் தப்பினார், யோசனையும் பிறந்தது.

நல்ல கதைதான். ஆனால் அவரே பல சமயம் வேறு மாதிரியும் சொல்லியிருக்கிறார். டிராம் தண்டவாளம் ஒரு கதை. தேய்ந்து பளபளத்த தண்டவாளங்களில் காரின் ஹெட்லைட் பட்டு மின்னும், அதைப் பார்த்தே ஓட்டிப் பழகியிருந்தார். டிராம் நின்று தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகுதான், தான் இதுவரை எதை நம்பி ஓட்டினோம் என்பதே அவருக்குப் புரிந்தது. தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் பூனையையும் விட்டுவிட்டு, வெளிச்சம் பட்டால் மின்னும் ஒரு சாலையோரப் பலகையைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்றார்.

அந்தப் பலகைக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். ரிச்சர்ட் ஹோலின்ஸ் மர்ரே என்ற கணக்காளர். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி வில்லையை 1920களிலேயே உருவாக்கியவர் அவர். விளம்பரப் பலகைகளிலும் அறிவிப்புப் பலகைகளிலும் அது மின்னிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஷா செய்தது என்ன? பலகையில் இருந்ததைச் சாலைக்குக் கொண்டுவந்தார். கேட்க எளிது. செய்வது அப்படியில்லை.

லாரி ஏறினால் உடையாதா?

சாலை நடுவே கண்ணாடியைப் பதித்தால் முதல் லாரியிலேயே நொறுங்கும். நொறுங்காவிட்டாலும் இரண்டு நாளில் சேறு மூடிவிடும். இந்த இரண்டு சிக்கலையும் ஷா ஒரே அமைப்பில் தீர்த்தார்.

கனமான வார்ப்பிரும்புப் பெட்டி ஒன்று சாலைக்குள் புதைந்திருக்கும். அதற்குள் ரப்பர் மெத்தை. அந்த ரப்பரில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என நான்கு கண்ணாடி வில்லைகள். சக்கரம் ஏறும்போது ரப்பர் அமுங்கும், கண்ணாடிகள் உள்ளே இறங்கிவிடும், பாரத்தை இரும்பு தாங்கிக்கொள்ளும். சக்கரம் போனதும் மறுபடி மேலே எழும்.

உண்மையான சாமர்த்தியம் அடுத்ததில் இருக்கிறது. கண்ணாடி இறங்கி ஏறும்போது முன்னால் இருக்கும் ரப்பர் விளிம்பு அதைத் துடைத்துவிடும். பெட்டியின் அடியில் மழைத்தண்ணீர் தேங்க இடம் உண்டு, அது கண்ணாடியைக் கழுவும். நம் இமை மூடித் திறந்து கண்ணைத் துடைப்பதுபோல. மேலே ஏறிப்போகும் ஒவ்வொரு வண்டியும் அதற்குத் துப்புரவுப் பணியாளர்.

1934இல் காப்புரிமை பெற்றார். 1935இல் ரிஃப்ளெக்டிங் ரோட்ஸ்டட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால் ஆர்டர்கள் வந்து குவியவில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு ரோடு ஒப்பந்ததாரரை யார் உடனே நம்புவார்கள்? 1937இல் பிரிட்டன் போக்குவரத்து அமைச்சகம் ஒரு பரீட்சை வைத்தது. மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊருக்கு அருகே சுமார் 8 கிலோமீட்டர் சாலையில் பலருடைய ரிஃப்ளெக்டர்களும் பதிக்கப்பட்டன. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது நல்ல நிலையில் மிஞ்சியது ஷாவுடையது மட்டும்தான்.

ஊரே இருட்டானபோது

1939இல் இரண்டாம் உலகப் போர் வந்தது. எதிரி விமானங்களுக்கு ஊர் தெரியக் கூடாது என்று பிரிட்டன் முழுக்க விளக்குகளை அணைத்தார்கள். தெருவிளக்கு கிடையாது. வண்டிகளின் ஹெட்லைட்டுக்கும் மூடி. விளைவு பயங்கரமாக இருந்தது. 1941ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டன் சாலைகளில் 9,169 பேர் இறந்தார்கள். அந்த நாட்டின் சாலை வரலாற்றில் அதுதான் மிக மோசமான ஆண்டு. வண்டிகள் பல மடங்கு பெருகிய பிறகும் அந்த எண்ணிக்கையை அவர்கள் மறுபடி தொடவில்லை.

ஒரு மனிதன் கண்ணுக்குத் தெரியாமல் போவது எவ்வளவு ஆபத்து என்பதை ஒரு நாடே அன்று கற்றுக்கொண்டது. மின்சாரம் வேண்டாம், தானாக ஒளிராது, விமானத்திலிருந்து பார்த்தால் தெரியாது, வண்டி விளக்கு பட்டால் மட்டும் மின்னும். இருட்டடிப்புக் காலத்துக்கு ஷாவின் கண்ணாடியைவிடப் பொருத்தமானது வேறு எதுவும் இல்லை. போருக்குப் பிறகு போக்குவரத்து அமைச்சகத்தில் இருந்த ஜேம்ஸ் காலஹன் (பின்னாளில் பிரதமரானவர்) நாடு முழுக்க இதைப் பதிக்கும் வேலைக்கு வேகம் கொடுத்தார். ஹாலிஃபேக்ஸ் தொழிற்சாலையிலிருந்து வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியானது.

1965இல் பிரிட்டன் அரசு அவருக்கு ஓபிஇ விருது தந்தது. பணம் வந்தது. ஆனால் மனிதர் மாறவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் தரைவிரிப்பு இல்லை, திரைச்சீலை இல்லை. ஒரே அறையில் பல டிவி பெட்டிகளில் வெவ்வேறு சேனல்கள் ஓடும், பெரும்பாலும் சத்தமில்லாமல். நண்பர்கள் வருவார்கள், பீர் குடித்துக்கொண்டே பேசுவார்கள். ஆடம்பரம் என்று சொன்னால் ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்றுதான். 1976 செப்டம்பர் 1 அன்று, 86ஆவது வயதில், குழந்தையாகக் குடிவந்த அதே வீட்டில் காலமானார்.

சரி, சைக்கிளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் அந்த ஒளி திரும்பும் முறையில் இருக்கிறது. சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியில் சாய்வாக டார்ச் அடித்தால், வெளிச்சம் வேறு பக்கம் போய்விடும். வெள்ளைச் சட்டையில் அடித்தால் எல்லாப் பக்கமும் சிதறும். ரிஃப்ளெக்டர் அப்படியில்லை. வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ, அங்கேயே திருப்பி அனுப்பும். ஓட்டுநரின் கண் ஹெட்லைட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அவருக்கு அது தனியாக ஒரு விளக்கு எரிவதுபோலத் தெரியும்.

பூனை, மாடு, ஆடு, மான் ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் பளபளப்பான ஒரு படலம் உண்டு. உள்ளே போன வெளிச்சம் அதில் பட்டு, வந்த வழியே வெளியேறும். கல்வராயன் மலைப் பாதையில் ராத்திரி வண்டி ஓட்டியவர்களுக்குப் புதரோரம் மின்னும் கண்கள் பழக்கமாக இருக்கும். மனிதக் கண்ணில் அந்தப் படலம் இல்லை. அதனால்தான் இருட்டுச் சாலையில் ஆட்டைவிட மனிதனைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஷாவின் கண்ணாடி வில்லை இந்தப் பூனைக் கண் முறையில் வேலை செய்தது. இன்றைய சைக்கிள் ரிஃப்ளெக்டர் வேறு வழியில் அதையே செய்கிறது. சிவப்பு பிளாஸ்டிக்கை உற்றுப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன மூலைகள் தெரியும். இரண்டு சுவரும் தரையும் சேரும் அறை மூலையைப் போன்றவை அவை. அந்த மூலையில் ரப்பர் பந்தை எறிந்தால் மூன்றிலும் பட்டு உங்களிடமே திரும்பி வரும் இல்லையா, வெளிச்சமும் அப்படித்தான். 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த கருவியிலும் இதே மூலைகள்தான், மொத்தம் 100. பூமியிலிருந்து லேசர் அடித்தால் திரும்பி வருகிறது. உங்கள் சைக்கிள் சீட்டுக்குக் கீழே இருப்பது நிலவில் இருக்கும் சாமானின் தம்பி.

6 விநாடிக் கணக்கு

இதில் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் எதையோ பார்த்து, அது என்னவென்று புரிந்து, பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னும் 20 முதல் 25 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 45 முதல் 50 மீட்டர்.

கறுப்பு ஸ்வெட்டர் போட்ட ஆள் 30 மீட்டரில்தான் கண்ணுக்குத் தெரிகிறார் என்றால், எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் நேராக நிறுத்த முடியாது. அதே ஆளின் பின்னால் சுத்தமான ஒரு ரிஃப்ளெக்டர் 100 மீட்டரில் மின்னினால், ஓட்டுநருக்கு 6 விநாடி கிடைக்கும். வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போக அது போதும். அந்த வித்தியாசத்தின் விலை சில பத்து ரூபாய்கள்.

பழி யார் மேல்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இடிப்பது வண்டி. அடிபடுபவர் ஏன் செலவு செய்து தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும்? இது புதிய கேள்வி இல்லை. ஷா வாழ்ந்த காலத்திலேயே பிரிட்டனின் சைக்கிள் சங்கங்கள் இதைக் கேட்டன. சைக்கிளுக்குப் பின்விளக்கு கட்டாயம் என்றபோது அவர்கள் எதிர்த்தார்கள். தன் விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஓட்டுவது ஓட்டுநரின் கடமை, அந்தப் பொறுப்பைச் சைக்கிள்காரர் தலையில் கட்டக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ரிஃப்ளெக்டர் இல்லை என்பது யாரையும் இடிப்பதற்கான லைசென்ஸ் ஆகாது. ஆனால் நியாயம் யார் பக்கம் என்பது அடிபட்ட பிறகு பேச வேண்டிய விஷயம். அடிபடாமல் வீடு போய்ச் சேருவதுதான் முதல் வேலை. ஷாவின் கண்டுபிடிப்பில் ஒரு அழகு உண்டு. அது யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஓட்டுநருக்குத் தெரியாததைத் தெரியவைத்தது, அவ்வளவுதான்.

நம் ஊரிலும் இது புரியாமல் இல்லை. டைனமோ எரியாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து ஓட்டிய கதையை உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களின் பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதை இப்போதும் பார்க்கலாம். மத்திய அரசு 2020இல் சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை வெளியிட்டது. வண்டியோடு வரும் ரிஃப்ளெக்டர் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்துக்கு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிள்கள்? பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்து, பிறகு அப்பாவோ தம்பியோ ஓட்டும் சைக்கிள்கள்? கரும்பு அரவைப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டுக்கும் கச்சிராயபாளையத்துக்கும் சர்க்கரை ஆலை நோக்கிப் போகும் டிராக்டர் டிரெய்லர்கள்? அவற்றை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

பின்பக்கம் சிவப்பு, முன்பக்கம் வெள்ளை. இது மாறக் கூடாது. நிறத்தைப் பார்த்துத்தான் வண்டி வருகிறதா போகிறதா என்று ஓட்டுநர் புரிந்துகொள்கிறார்.

பெடலில் ஆரஞ்சு ரிஃப்ளெக்டர் இருந்தால் கழற்றாதீர்கள். ஒரே இடத்தில் நிற்கும் புள்ளி மைல்கல்லாகவும் இருக்கலாம். மேலும் கீழும் ஆடும் இரண்டு புள்ளிகள் என்றால் அது மனிதக் கால் என்று ஒரே பார்வையில் தெரியும்.

சக்கரக் கம்பியில் ஒன்று மாட்டுங்கள். குறுக்குச் சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டிலிருந்து வரும் வண்டிக்கு முன் ரிஃப்ளெக்டரும் தெரியாது, பின் ரிஃப்ளெக்டரும் தெரியாது.

வாரம் ஒருமுறை துணியால் துடையுங்கள். ஷாவின் கண்ணாடிக்குத் தானாகத் துடைக்கும் ரப்பர் இருந்தது. உங்கள் சைக்கிளுக்கு நீங்கள்தான் அந்த ரப்பர். சேறு படிந்த ரிஃப்ளெக்டர் வெறும் பிளாஸ்டிக்.

பின் ரிஃப்ளெக்டர் நேராகப் பின்னோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கேரியரில் கட்டிய மூட்டையோ தொங்கும் துணியோ மறைத்தால் அது இருந்தும் பயனில்லை.

கடைசியாக ஒன்று. ரிஃப்ளெக்டர், விளக்குக்கு மாற்று இல்லை. எதிரே வெளிச்சம் வந்தால்தான் அது வேலை செய்யும். லைட் எரியாமல் வரும் பைக்குக்கோ, நடந்து வருபவருக்கோ நீங்கள் தெரிய மாட்டீர்கள். மூடுபனியில் ஹெட்லைட்டின் வீச்சே குறைந்துவிடும். அதனால் பேட்டரியில் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்றும் பின்னால் இருக்கட்டும். பேட்டரி தீர்ந்த அன்று ரிஃப்ளெக்டர் காப்பாற்றும்.

இன்று ராத்திரி ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வீட்டிலிருக்கும் சைக்கிளைத் தெருக்கோடியில் நிறுத்துங்கள். 50 அடி தள்ளி நின்று, மொபைல் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். பின்னால் சிவப்பாக மின்னினால் நிம்மதி. மின்னாவிட்டால், நாளைக் காலை சைக்கிள் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். அந்தச் சைக்கிளில் போவது அப்பாவாகவோ தங்கையாகவோ இருக்கலாம்.